கொரியாவுக்கு ஒரு ஃபிளெக்ஸ்

ஆகஸ்டு பதினைந்தாம் தேதி எனக்கு மூன்று இடங்களில் மிட்டாய் கிடைத்த வருடம் ஒன்று உண்டு. அன்று மாதாவின் விண்ணேற்புத் திருநாள் என்பதால் காலைப் பூசை முடிந்ததும் கோயிலில் ஒன்று. பள்ளிக்கூடத்தில் கொடியேற்றியதும் ஒன்று. இந்த இரண்டும் திண்டிவனத்தில் எந்தக் கிறிஸ்தவப் பிள்ளைக்கும் வருடாவருடம் கிடைப்பவைதான். மூன்றாவதுதான் அந்த வருடத்தின் விசேஷம். அது கொரிய நாட்டுச் சுதந்திரத்துக்காக எங்கள் வீட்டு வாசலில் கிடைத்தது. மற்ற இரண்டின் ருசி மறந்துவிட்டது. மூன்றாவதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் துக்கமாக இருக்கிறது.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரமாக ஒரு ஷூ கம்பெனி வந்திருந்தது. அதில் மேனேஜராக இருந்த கொரியாக்காரர் ஒருவர் எங்கள் வீட்டு மாடிக்குக் குடி வந்தார். அவருடைய பெயர் மூன்று துண்டாக இருந்தது. அதில் எது பெயர், எது இனிஷியல் என்று தாலுகா ஆபீஸில் வேலை பார்த்த அப்பாவாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் எங்களுக்கு அவர் மாடி சார். கம்பெனியில் ஆட்களை அவசரப்படுத்த அவர் சொல்லும் கொரிய வார்த்தை நம் காதுக்குப் ‘பல்லி, பல்லி’ என்றுதான் விழும். வந்த புதிதில் ஓர் ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொல்லப்போக, அந்த மனிதர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு சீட்டுக்கு அடியில் குனிந்து பல்லியைத் தேடியிருக்கிறார். தமிழில் மாடி சாருக்குத் தெரிந்ததெல்லாம் ‘சரி’, ‘நாளைக்கு’, ‘சூப்பர்’ ஆகியவைதான். அவற்றில் ஒன்று தமிழே இல்லை. ஆனாலும் அதை வைத்தே தெருவில் நல்ல பெயர் எடுத்துவிட்டார்.

அந்த ஜூலை மாதம் அவருடைய அப்பா ஊரிலிருந்து வந்தார். வெள்ளை வெளேரென்ற தலை, கால்சட்டையில் மடிப்புக் கலையாத நேர்த்தி. எங்கள் வெயிலில் அவர் முகம் ஒரே வாரத்தில் சிவந்துபோனது. நாங்கள் அவரைப் பெரியவர் என்று சொன்னோம். அவர் சிரித்துப் பேசுகிற ஆளில்லை. ஆனால் சாயங்காலமானால் மாடி பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, நான் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறேனா என்று பார்ப்பார். அம்மா வேகவைத்துக் கொடுக்கும் மல்லாட்டையை (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) எடுத்துக்கொண்டு நான் மேலே போவேன். அவர் உரித்துப் பருப்பை என் பக்கம் தள்ளுவார், நான் தின்பேன். எங்களுக்குள் பேச்சே கிடையாது. பேசுவதற்குப் பொதுவாக ஒரு வார்த்தையும் இல்லாததால் சண்டை போடவும் வழியில்லாமல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு கோயிலுக்கு வந்தார். அவர்களும் கத்தோலிக்கர்கள்தான். தமிழ்ப் பூசையில் ஒரு சொல் புரியாவிட்டாலும், எழுந்திருக்க வேண்டிய இடத்தில் எங்கள் அப்பாவுக்கு முன்னால் எழுந்துவிடுவார்.

அம்மாவுக்கு யாரைப் பார்த்தாலும் கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டாக வேண்டும். ஒருநாள் பெரியவரைப் பற்றி மாடி சாரிடம் சைகையும் ஆங்கிலமுமாகக் கேட்டாள். அவர் யோசித்து யோசித்துச் சொன்னார்: “ஃபாதர், ஒன் பிரதர். பிக் பிரதர். ஜப்பான் டேக். ஒர்க். நோ கம்.”

அம்மா கீழே வந்து அப்பாவிடம் இதை விரித்துச் சொன்னாள். “பாவங்க, அந்தப் பெரியவரோட அண்ணன் ஜப்பான்ல வேலை பாக்கறாராம். லீவு கெடக்கலியாம், அதான் கூட வரலியாம்.”

“அந்த வயசுல இன்னுமா வேலைக்குப் போய்க்கினு இருக்காரு?” என்றார் அப்பா.

“அந்த ஊர்க்காரங்க அப்டித்தான். உங்கள மாதிரி எப்படா ரிட்டயர்டு ஆவலாம்னு நாளு எண்ணிக்கினு இருப்பாங்களா?”

அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் ஜப்பானில் ஓர் அண்ணன் இருக்கிறார் என்கிற சேதி எங்கள் வீட்டில் உறுதியாகிவிட்டது.

ஆகஸ்டு பிறந்ததும் மாடி சார் ஒரு சாயங்காலம் அப்பாவைப் பார்க்கக் கீழே வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. பதினைந்தாம் தேதி அவர்கள் நாட்டுக்கும் சுதந்திர நாள் என்றும், அன்று அவரவர் வீட்டு வாசலில் கொடி வைப்பார்கள் என்றும் சொன்னார். சிறு பிள்ளையாக இருந்தபோது, சுதந்திரம் வந்ததென்று கேட்டு ரோட்டுக்கு ஓடிப்போய்க் கை தூக்கிக் கத்தியவராம் பெரியவர். அன்றிலிருந்து ஒரு வருடம்கூடக் கொடி வைக்காமல் இருந்ததில்லை. இனிமேல் இவ்வளவு தூரம் பயணம் செய்ய அவருக்கு உடம்பு இடம் கொடுக்காது. மகன் கூப்பிட்டதற்காக வந்திருக்கிறார், வந்த இடத்தில் அந்த நாள் அவருக்குக் குறைவில்லாமல் அமைய வேண்டும். இதையெல்லாம் மாடி சார் தன் துண்டு ஆங்கிலத்தில் கோத்துச் சொல்லி முடித்தபோது அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. ஒரு சின்னக் கொடி, ஒரு மூங்கில், அவ்வளவுதான் அவர் கேட்டது.

அப்பா உடனே தலையாட்டிவிட்டார். மாடி சார் மேலே போனதும் பயப்பட ஆரம்பித்தார். அரசாங்கம் அப்பாவுக்கு மாதாமாதம் கொடுத்ததில் சம்பளத்தைவிடப் பயம் அதிகம். “நம்ம சுதந்திர தினத்தன்னைக்கு வேற நாட்டுக் கொடியக் கட்டிக்கினு நின்னா, எவனாவது போட்டோ புடிச்சி அனுப்பிட்டா பேஜாரா பூடும்” என்று வீட்டுக்குள் நடந்தார். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கொடியைத் தெருவில் வைக்காமல், காம்பவுண்டு சுவருக்கு உள்ளே, துணி காயப்போடும் கம்பத்தில் கட்டுவது. வைபவமும் பூசை, பள்ளிக்கூடம் எல்லாம் முடித்து நாங்கள் வந்த பிறகு.

யாரிடமிருந்து அவர்களுக்குச் சுதந்திரம் கிடைத்தது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? சுதந்திரம் என்றால் வெள்ளைக்காரனிடமிருந்து வாங்குவதுதான். அதிலும் அதே ஆகஸ்டு பதினைந்து. “ஒரே நாள்ல நமக்கும் அவங்களுக்கும் சேத்துக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுக் கப்பலேறியிருப்பான்” என்றாள் அம்மா. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

இந்த இடத்தில் மாமா வருகிறார். அம்மாவின் தம்பி. கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் ஃபிளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருந்தார். பிள்ளை பிறந்தால், காது குத்தினால், பெண் வயதுக்கு வந்தால், கல்யாணம் நடந்தால், செத்துப்போனால் என்று சுற்றுவட்டாரத்து மனிதர்கள் எல்லாரும் மாமாவின் மெஷினில் ஒருமுறையாவது நுழைந்து வெளியே வந்தாக வேண்டும். அவர் வேலையில் சுத்தம். எழுத்துப் பிழை இருந்தால் தன் கைக்காசில் திரும்ப அடித்துக் கொடுப்பார். மனிதர்களைச் சந்தோஷப்படுத்துவதற்கு ஃபிளெக்ஸைவிடச் சிறந்த வழி உண்டு என்று அவர் நம்பியதே இல்லை.

கொடி விஷயம் அவர் காதுக்கு எட்டியதும் எங்கள் வீட்டுக்குப் பறந்து வந்தார். “இன்னா மச்சான், அவ்ளோ தூரத்துலேருந்து வந்திருக்கிற மனுஷனுக்கு ஒரு துண்டுத் துணியக் கட்டிட்டு வுட்டுருவியா? அவரு ஊருக்குப் போயி நம்ம ஊரப் பத்தி இன்னா சொல்லுவாரு? என் செலவுல ஒரு ஃபிளெக்ஸு. அவரு கண்ணுல தண்ணி வரணும்.”

பெரியவரை மல்லாட்டை உரிக்கும்போது அம்மாவின் போனில் பிடித்த படம் ஒன்று இருந்தது. மாமா அதைக் கடைக்கு வாங்கிப்போனார். மறுநாளே தன் போனில் முதல் மாதிரியைக் கொண்டுவந்து காட்டினார். பச்சை மலை, அதன் பின்னால் அரை வட்டமாக எழும் சூரியன், ஓரமாகப் பெரியவர்.

“விடுதலைன்னா இன்னா? விடியறதுதானே? அப்ப சூரியன் வேணுமா வேணாமா?” என்று மாமா கேட்டார்.

அப்பாவுக்கு அதிலும் பயம் வந்தது. “மலமேல சூரியன் எழுந்துக்கினு வந்தா கட்சி போஸ்டர்னு நெனச்சிக்குவாங்கடா. நான் கவர்மென்ட் வேலையில இருக்கறவன். அந்த அரச் சூரியன மொதல்ல தூக்கு.”

மாமா தூக்கிவிட்டார். மலையையும் எடுத்தார். அரை வட்டத்தை முழு வட்டமாக்கினார். மஞ்சளாக இருந்தால் இன்னும் சூரியனாகத்தான் தெரியும் என்று நல்ல சிவப்பாக்கினார். அந்த வட்டத்துக்கு நடுவில் பெரியவரின் முகத்தை வைத்தார். வட்டத்திலிருந்து நாலாபக்கமும் ஓரம் வரைக்கும் சிவப்பும் வெள்ளையுமாகக் கதிர்களை ஓட விட்டார். நடிகர்களின் பிறந்த நாளுக்கு எல்லாம் அந்தக் கதிர் பேக்ரவுண்டுதான் அப்போது ஃபேஷன். அப்பா பார்த்துவிட்டு, இப்போது எந்தக் கட்சியின் ஞாபகமும் வரவில்லை என்று நிம்மதியாகச் சொன்னார்.

அடியில் ‘கொரிய நாட்டு விடுதலைத் திருநாள் நல்வாழ்த்துகள்’. அதற்கும் அடியில் ‘இவண்’ போட்டு எங்கள் எல்லாருடைய பெயரும். கடைசியாக, நடுவில், என் பெயர். அதுவரை என் பெயரை நோட்டு லேபிளில் தவிர வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. இரவெல்லாம் எனக்கு அதே நினைப்பாக இருந்தது.

பதினைந்தாம் தேதி கோயிலும் பள்ளிக்கூடமும் முடிந்து நான் ஓடி வந்தபோது, மாமாவும் கடைப் பையன்களும் இரும்புச் சட்டத்தோடு ஃபிளெக்ஸைக் காம்பவுண்டு சுவரில் சாய்த்துக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். மாடிப்படி வெளிப்பக்கமாக இறங்குகிற வீடு எங்களுடையது. படியிறங்குகிறவருக்கு நேர் எதிரே தெரிய வேண்டும் என்று மாமா இடம் பார்த்து வைத்திருந்தார். கம்பெனியில் வேலை செய்யும் பக்கத்துத் தெருப் பெண்கள் சிலரும் வந்திருந்தார்கள். மாடி சார் சென்னையிலிருந்து வரவழைத்த இனிப்பு தட்டில் இருந்தது. அரிசி மாவுக்குள் இனித்த காராமணி மாதிரி ஏதோ வைத்திருந்தார்கள், கொரியாக் கொழுக்கட்டை. அதுதான் என் மூன்றாவது மிட்டாய்.

பெரியவர் விடியற்காலையிலேயே கோட்டு போட்டுத் தயாராகி, எங்களுக்காக இவ்வளவு நேரம் உள்ளே உட்கார்ந்திருந்தாராம். மாமாவின் ஏற்பாடு அது. வெளியே வந்து பார்த்துவிட்டால் திகைப்பு போய்விடும் என்று கதவைச் சாத்தி வைக்கச் சொல்லியிருந்தார். நான் மேலே போய் அவர் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். அவருடைய இன்னொரு கையில் வெள்ளைத் துணியில் சுற்றிய கொடி இருந்தது. படியின் வளைவில் திரும்பியதும் ஃபிளெக்ஸ் முழுதாகத் தெரிந்தது. மாமா சைகை காட்ட எல்லாரும் கை தட்டினார்கள்.

பெரியவர் நின்றுவிட்டார். என் கையைப் பிடித்திருந்த அவர் விரல்கள் இறுகின. வலித்தது, ஆனால் நான் விடவில்லை. பின்னால் வந்த மாடி சாரை நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. பெரியவரின் கண்களிலிருந்து தண்ணீர் இறங்கியது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

“பாத்தியா அக்கா, பாத்தியா!” என்று மாமா அம்மாவின் தோளைத் தட்டினார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

மாடி சார் தட்டுத்தடுமாறி இறங்கி வந்து மாமாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஃபிளெக்ஸைக் காட்டி, “ஃபினிஷ். ப்ளீஸ். ஃபினிஷ், ஃபினிஷ்” என்றார்.

ஃபிளெக்ஸ் தொழிலில் ‘ஃபினிஷிங்’ என்றால் அச்சின் சுத்தம். வாடிக்கையாளர் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வந்துவிட்டால் மாமாவுக்கு அன்று முழுக்கச் சாப்பாடு வேண்டாம். “ஃபினிஷிங் சூப்பருங்களா சார்? இருக்காதா பின்ன? ஜப்பான் பிரிண்டிங் ஹெட்டு மெஷின்ல அடிச்சது!” என்றவர், பெரியவரையும் சந்தோஷத்தில் சேர்த்துக்கொள்ள நினைத்து அவர் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னார். “ஐயா, உங்க அண்ணன் இருக்கிறாரே, ஜப்பான், அங்கேருந்து வந்த மெஷினு. ஜப்பான்! ஜப்பான்!”

அந்தப் பேச்சில் பெரியவருக்குப் புரிந்த ஒரே சொல் அதுவாகத்தான் இருந்திருக்கும். அவர் மாமாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். மாமா வாயெல்லாம் பல்லாக நின்றார். பிறகு அம்மாவைப் பார்த்தார், தட்டைப் பிடித்திருந்த பெண்களைப் பார்த்தார், குனிந்து என்னையும் பார்த்தார். மாடி சார் அவரிடம் ஏதோ படபடவென்று சொல்ல வந்தபோது, அவர் தலையை அசைத்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார். மாடி சார் சொல்ல வந்ததை விட்டுவிட்டுப் பின்னுக்கு நகர்ந்தார்.

பெரியவர் கடைசிப் படியிறங்கி வாசல் நடுவுக்கு வந்தார். ஃபிளெக்ஸுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். கொடியைக் கம்பத்தில் கட்டாமல் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, “மன்சே!” என்றார். மறுபடியும் “மன்சே!” மூன்றாவது முறை அவருக்குக் குரல் வரவில்லை.

எங்களுக்கு அது ‘மனசே’ என்று கேட்டது. நல்ல வார்த்தைதான் என்று நாங்களும் கை தூக்கி “மனசே! மனசே!” என்று கத்தினோம். அவருக்கு வராமல் போன மூன்றாவதை வாசல் முழுக்கச் சேர்ந்து கத்தியது. மாமாவின் குரல்தான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகக் கேட்டது.

அதற்குப் பிறகு போட்டோ. ஃபிளெக்ஸுக்கு முன்னால் நடுவில் என்னை நிறுத்தி, இரண்டு பக்கமும் பெரியவரையும் மாடி சாரையும் நிற்கச் சொன்னார் மாமா. மாடி சார் தயங்கினார். பெரியவர் என்னைப் பார்த்தார். தோளிலிருந்த கொடியை எடுத்து ஒரு முனையைத் தன் கையில் வைத்துக்கொண்டு, மறுமுனையை மகன் கையில் கொடுத்தார். இருவருமாக அதை எனக்குப் பின்னால் இழுத்துப் பிடித்தார்கள். வெள்ளைத் துணி, நடுவில் சிவப்பும் நீலமுமாக ஒரு பம்பரம், நான்கு மூலையிலும் கறுப்புக் கோடுகள். மாமாவுக்கு அந்தப் போஸ் பிடித்துப்போயிற்று. “ஆங், அப்டியே! அசையாத!” என்று சொல்லிப் படம் எடுத்தார்.

போனை வாங்கிப் பார்த்தபோதுதான் எனக்கு இடி விழுந்தது. கொடி என் பெயரை மறைத்துவிட்டது. ‘இவண்’ என்ற வரியே தெரியவில்லை. நான் வாசலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன். சுதந்திர நாளில் ஒருத்தி இப்படி அழலாமா என்று எல்லாரும் சமாதானம் சொன்னார்கள். இன்னொரு படம் எடுப்பதற்குள் பெரியவர் மேலே போய்விட்டார்.

என் அழுகை ஓயாததைப் பார்த்து மாடி சார் காரணம் கேட்டிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் பெரியவர் கோட்டைக் கழற்றிவிட்டுக் கீழே வந்தார். என் எதிரே மெதுவாகக் குந்தி உட்கார்ந்து, ஒரு குச்சியால் மண்ணில் எழுதினார். சின்ன வட்டமும் கோடுமாகக் கொரிய எழுத்து. அதைத் தொட்டுக் காட்டி என் பெயரைத் தன் நாக்குக்கு வந்தபடி படித்தார். அழகாக இருக்கிறதென்று நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பார்த்தேன்.

மாடி சார் அம்மாவிடம் மெல்லச் சொன்னார். “ஃபாதர், ஸ்கூல், நோ கொரியன் நேம். டீச்சர் கிவ் அதர் நேம்.”

“அந்த ஊர்லயும் அப்டித்தானா?” என்று அம்மா ஆச்சரியப்பட்டாள். “எனக்கும் எங்க முகையூர்ல பள்ளிக்கூடத்துல சேக்கும்போது வாத்தியாரு தப்பா ஒரு பேரப் போட்டு உட்டாரு. அத மாத்தறதுக்குள்ள எங்கப்பாவுக்கு நாக்குத் தள்ளிப் போச்சி.”

மாடி சார் ‘சரி’ என்றார். சாயங்காலம் பெய்த மழையில் மண்ணில் எழுதியது போய்விட்டது.

ஃபிளெக்ஸை ஒரு வாரம் இருக்கட்டும் என்று மாமா சொல்லிவிட்டுப் போயிருந்தார். மறுநாள் சாயங்காலம் நான் மல்லாட்டையோடு மேலே போனபோது பால்கனியில் நாற்காலி இல்லை. கதவுக்குத் திரை போட்டிருந்தது. பெரியவருக்கு உடம்பு முடியவில்லை என்றார் மாடி சார். அந்த வாரம் முடிவதற்குள் ஒரு காலையில் எங்கள் வாசற்படியில் அந்த ஃபிளெக்ஸ் மடித்து வைக்கப்பட்டிருந்தது. கம்பிகளை வெட்டாமல் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து, சுருட்டித் தனியாக வைத்திருந்தார்கள். படம் உள்பக்கமாகப் போகும்படி மடித்திருந்தார்கள். எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார்கள் பார் என்று அம்மா பூரித்துப்போனாள். பெரியவர் செப்டம்பர் வரை இருப்பதாக இருந்தது. ஆகஸ்டிலேயே கிளம்பிவிட்டார். காரில் ஏறும் முன் என் தலையில் கை வைத்தார். அவருக்குப் பிடிக்குமே என்று நான் இரண்டு கைகளையும் தூக்கி “மனசே!” என்றேன். அவர் சிரித்தார்.

மாடி சார் அடுத்த வருடம் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். ஃபிளெக்ஸ் முகையூரில் அம்மா வீட்டுக்குப் போய், மல்லாட்டை காயவைக்க உதவியது. பெரியவர் முகத்தை மிதிக்கக் கூடாது என்று அம்மா அதைக் கவிழ்த்துப் போடச் சொன்னாள்.

இப்போது நான் விழுப்புரத்தில் வேலைக்குப் போகிறேன். தினமும் திண்டிவனத்திலிருந்து பஸ். இந்தக் காலத்துப் பெண்கள் பலரைப் போல நானும் கொரியத் தொடர்களில் விழுந்தவள். போன வருடம் ஒருநாள் காலை பஸ்ஸில் போனைப் பார்த்துக்கொண்டு வந்தேன். யாரோ ஒரு நடிகை போட்டிருந்த மேல்சட்டையை வைத்து அந்த நாட்டில் பெரிய ரகளை. அப்படி என்ன இருக்கிறது என்று படத்தைப் பெரிதாக்கினேன். நடுவில் சிவப்பு வட்டம். நாலாபக்கமும் சிவப்பும் வெள்ளையுமாகக் கதிர்கள்.

மாமாவின் ஃபிளெக்ஸ்!

பஸ்ஸிலேயே தேடித் தேடிப் படித்தேன். வெள்ளைக்காரன் அவர்களை ஆளவே இல்லை. ஆண்டது ஜப்பான்காரன். அவனுடைய படைகள் தூக்கிக்கொண்டு வந்த கொடி அது. ஆண்களைச் சுரங்கத்துக்கும் தொழிற்சாலைக்கும் பிடித்துப் போனார்கள், பலர் திரும்பவில்லை. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளின் பெயரை எடுத்துவிட்டு ஜப்பான் பெயர் வைத்தார்கள். ‘ஜப்பான் டேக். ஒர்க். நோ கம்.’ மாடி சார் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட நாங்கள் கேட்காமல் விடவில்லை. எல்லாவற்றையும் கேட்டு, எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் ஒரு அர்த்தம் வைத்திருந்தோம். மன்சே என்றால் நீடூழி வாழ்க என்றும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பஸ் கூட்டேரிப்பட்டில் நின்றதும் என்னையறியாமல் இறங்கிவிட்டேன். மாமாவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இறங்கினேன். கடை இப்போது பெரிதாகிவிட்டது. யாரோ ஒரு விவசாயி தன் மகள் கல்யாணத்துக்கு ஃபிளெக்ஸ் அடிக்க வந்திருந்தார். மாமா கம்ப்யூட்டரில் மாதிரிகளைத் தள்ளிக்கொண்டே வந்து கதிர் பேக்ரவுண்டில் நிறுத்தினார்.

“இது கொரியா மாடலுங்க. நம்ம கடையில இதான் ஸ்பெஷலு. ஒரு கொரியாக்காரப் பெரியவரு இதப் பாத்துட்டு நின்ன எடத்துலயே கண்ணுல தண்ணி வுட்டுட்டாரு. வேணும்னா இவளக் கேளுங்க, கூட இருந்தவ.”

விவசாயி என்னைப் பார்த்தார். மாமாவின் முகத்தில் அன்றைக்கு வாசலில் பார்த்த அதே பூரிப்பு. இத்தனை வருடமாக இந்த மனிதர் மனதில் கெடாமல் இருக்கும் ஒரு நல்ல நாள் அது. நான் “ஆமாங்க” என்றேன். பெரியவர் படியில் நின்று மகனிடம் சொன்ன அந்த ஒற்றை வார்த்தை என்னவாக இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது விளங்கியது. சொல்லாதே என்றுதான் அவரும் சொல்லியிருப்பார்.

கல்லாவுக்கு மேலே அந்தப் போட்டோ சட்டம் போட்டு மாட்டியிருந்தது. என் பெயர் தெரியாத கோபத்தில் அதை நான் ஒருநாளும் சரியாகப் பார்த்ததில்லை. அருகில் போய்ப் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு மேலே போகிற ஃபிளெக்ஸ். ஒரு சின்னக் கொடியால் அதை மறைக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பெரியவரின் தலைக்குப் பின்னால் கதிர்கள். மாடி சாரின் தலைக்குப் பின்னால் கதிர்கள். இருவரும் அவற்றுக்கு நடுவில்தான் நிற்கிறார்கள். கைகள் மட்டும் கொடியை விறைப்பாக இழுத்துப் பிடித்திருக்கின்றன.

என் தலைக்குப் பின்னால் வெறும் வெள்ளைத் துணி. அங்கே ஒரு கதிர்கூடத் தெரியவில்லை.